வீட்டுத் தோட்டத்தில் வலிக்காத ஆபத்துகள்: வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலவம்பாடி முள்ளுக் கத்திரி வளர்ப்பவர்களுக்கு முள் குத்துவது புதிதில்லை. சுருக்கென்றதும் கையை உதறுவார்கள், ரத்தத்தைத் துடைப்பார்கள், ஒரு நாள் கவனமாக இருப்பார்கள். வலித்தால் நாம் கவனிக்கிறோம். ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கத் தோட்டங்களில் ஆளைப் படுக்கையில் தள்ளுகிறவற்றில் பல, வலியே தராமல் உடம்பில் ஏறுகின்றன. கடித்தது தெரியாத பூச்சி, கொசுக்கடி போலத் தோன்றும் பாம்புக்கடி, எரியாத எருக்கம்பால், வேர்வையோடு கலந்து தோலுக்குள் இறங்கும் மருந்து. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது, அன்று புல் பிடுங்கியது யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது.

தோட்டத்தை விட்டுவிடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவர் முதல், காட்பாடிப் பக்கம் பத்து சென்ட் கொல்லை வைத்திருப்பவர் வரை எல்லோரும் பயமில்லாமல் மண்ணில் கை வைக்க வேண்டும் என்பதே என் ஆசை. தோட்ட வேலை நடக்கும் வரிசையிலேயே படிகளை அமைத்திருக்கிறேன்.

முதல் படி: இறங்கும் முன்பு

தனுர்வாத (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். குழந்தையில் போட்டது, பிரசவத்தின்போது போட்டது என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்ற எண்ணம் தவறு. சாண எரு ஒட்டிய ஒரு ரோஜா முள்ளே போதும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமாகவோ மண் படிந்தோ இருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மருத்துவரைப் பார்த்து உடனே மறு ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது கிடைக்கும்.

அடுத்தது சர்க்கரை நோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணாடித் துண்டு ஏறினாலும் தெரியாது. இதைத் தவிர, மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. அதன் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. திடமான உடம்பைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை நோயாளிகளையும், சிறுநீரக நோய் உள்ளவர்களையும், மிகுதியாகக் குடிப்பவர்களையும் தேடிப் பிடிக்கிறது. நுரையீரலில் சளிக்காய்ச்சலாக, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வெளிப்படும். காசநோய் என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. வேலூர் சிஎம்சி (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் இந்நோயைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது. ரப்பர் செருப்பு போதாது. முழுப் பாதத்தையும் மூடும் ஷூவோ கம்பூட்ஸோ வேண்டும். கையில் ஆறாத புண் இருந்தால், அது ஆறும்வரை மண் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

உடையில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை மூடும் பேன்ட், அதன் விளிம்பைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுதல். புடவையோடு வேலை செய்யும் பெண்கள் மேலே கணவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது எங்கள் ஊர் நிலங்களில் பார்க்கிற பழக்கம்தான், அருமையான பழக்கம். கையுறை தையல் விடாத ரப்பராக இருக்கட்டும். துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒன்றுமட்டும் சொல்கிறேன்: அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் மண்வெட்டி பிடிக்காதீர்கள். வேர்க்காமல் உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பில்லை. ஆளை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தடுமாறியவர் வாயில் மோரோ இளநீரோ ஊற்றக் கூடாது.

இரண்டாம் படி: மண் எங்கிருந்து வந்தது?

தொட்டிக்கும் கொல்லைக்கும் டிராக்டரில் மண் இறக்குகிறோம். செம்மண்ணா, வண்டலா, விலை என்ன என்று கேட்கிறோம். எந்த ஏரி, எந்த ஓடை என்று கேட்பதில்லை. பழைய வடாற்காடு மாவட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம்வரை போன கதை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்.

இந்தக் கழிவுகளில் உள்ள குரோமியம் என்ற கன உலோகம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மூவிணைதிற வடிவம் அவ்வளவாகக் கரையாது. ஆறிணைதிற வடிவம் நீரில் கரையும், தோலில் ஆறாத புண் உண்டாக்கும், நாட்பட மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். மண்ணை முகர்ந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தொழிற்சாலைப் பகுதியை ஒட்டிய ஏரி, கால்வாய், ஆற்றுப்படுகை மண் என்றால் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அப்படிப்பட்ட இடத்தில் வீடு இருந்தால், கிணற்று நீரையும் மண்ணையும் கன உலோகத்துக்காகச் சோதித்துவிட்டு அப்புறம் கீரை போடுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் உரச்சத்துதான் பார்ப்பார்கள். கன உலோகச் சோதனை தனி, அதைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கே கொடுப்பது என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். முடிவு தெரியும்வரை அந்த மண்ணில் பூச்செடி வையுங்கள். முள்ளங்கியும் கீரையும் வேண்டாம்.

மட்கு எருவைக் கிளறும்போது எழும் புழுதியில் பூஞ்சை வித்துகள் கோடிக்கணக்கில் பறக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், பிறகு கிளறுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் என்-95 முகக்கவசம் போட வேண்டும். கைக்குட்டை கட்டுவது பயன்தராது.

மூன்றாம் படி: புதரும் புல்லும்

வேலூரில் தோட்டம் வைத்திருக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் நோய் எது என்று கேட்டால், உண்ணிக்காய்ச்சல் என்பேன். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். மழை தொடங்கி மார்கழி, தை வரைக்கும் எங்கள் மாவட்டத்து மருத்துவமனைகளில் விடாத காய்ச்சலோடு வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான். மலையடிவாரத்துக் கிராமங்களில்தான் என்றில்லை. நகரத்துக்குள் காலி மனையை ஒட்டிய வீடுகளிலும் வருகிறது.

பரப்புவது நாயிலும் மாட்டிலும் நாம் பார்க்கிற உண்ணி இல்லை. மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் இளம் புழு. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. எலி நடமாடும் புதரிலும் உயரப் புல்லிலும் காத்திருந்து, உட்காருகிறவரின் உடையில் ஏறி, துணி இறுக்கமாக ஒட்டும் இடத்தைத் தேடிப் போகும். கடிப்பது வலிக்காது, அரிக்கவும் பெரும்பாலும் அரிக்காது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு ஆறு நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. ஏழாம் நாள் ஒரு பெண் மருத்துவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், மிளகை நசுக்கி ஒட்டியது போல ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். தொட்டால்கூட வலிக்கவில்லை. தனக்கு அங்கே ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. கொல்லைப்புறத்து அருகம்புல்லை உட்கார்ந்து பிடுங்கியது இரண்டு வாரத்துக்கு முன்பு. மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

அந்தப் பொருக்கைத் தேட வேண்டிய இடங்கள்: அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். எல்லோருக்கும் அது வராது. இல்லையென்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் இதைக் குணமாக்கும், இரண்டும் பழைய மருந்துகள், விலையும் அதிகமில்லை. கடைகளில் காய்ச்சலுக்கென்று கொடுக்கும் அமாக்சிசிலின் இந்தக் கிருமியைத் தொடாது. நோய் முற்றிவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளைவரை பாதிக்கும். அப்படித் தீவிரமானவர்களுக்கு இரண்டு மருந்தையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றைமட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நம் ஊரில் பிறந்த அறிவு, நம் ஊர்க் கொல்லைகளுக்கே போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தடுப்பது எளிது. புல்லின் மேல் நேராக உட்காராதீர்கள். மணைப்பலகையோ பிளாஸ்டிக் முக்காலியோ போடுங்கள். வேலைக்கு முன் கணுக்கால், மணிக்கட்டு, கழுத்தில் டீட் (DEET) கலந்த கொசுவிரட்டிக் களிம்பு. துவைத்த துணியைச் செடிமேலும் புல்மேலும் உலர்த்தாதீர்கள். தாழ்வாரத்தை ஒட்டி விறகும் தேங்காய் மட்டையும் குவித்தால் எலி வரும், எலி வந்தால் இந்த உண்ணி வரும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறையோடு வேரோடு பிடுங்குங்கள். அதன் துகள் காற்றில் பட்டே முகமும் கழுத்தும் தடித்துக் கறுத்துப்போகிறவர்கள் உண்டு.

நான்காம் படி: கல், செங்கல், ஓலைக் குவியல்

குவியலுக்குள் கையை விடாதீர்கள். கழியாலோ கொத்தாலோ முதலில் புரட்டுங்கள்; கல்லைப் புரட்டும்போது உங்கள் எதிர்ப்பக்கமாகப் புரட்டாமல் உங்களை நோக்கித் தூக்குங்கள், கல்லே கேடயமாக நிற்கும். எங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் சுருட்டை விரியன் சாதாரணம். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான் இருக்கும், காய்ந்த இலையின் நிறம். கண்ணாடி விரியன் வேலியோரப் புல்லில் சுருண்டு கிடக்கும். நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும்.

நான் மிகவும் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலி கொஞ்சம்கூட இல்லாமலும் போகலாம், பல் தடம் தெரியாமலும் போகலாம். சில மணி நேரத்தில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சு நின்றுபோதல். அந்தி சாய்ந்தபின் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் டார்ச் விளக்கும் மூடிய காலணியும் இல்லாமல் போகக் கூடாது. இருட்டில் காலில் ஏதோ பட்டது என்ற சந்தேகம் இருந்தாலே போதும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கடித்துவிட்டால்: கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் கட்டை வைத்து அந்தக் கை அல்லது காலை அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, விஷக்கல், மந்திரம் எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே விஷமுறி மருந்துதான் இங்கே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். வேலூரை ஒட்டி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் உறையாது. கட்டுவிரியன் கடியில் அது உறைந்துவிடும் என்பதால், இமை தொங்குவதையும் குரல் மாறுவதையும் உடன் வந்தவர் கவனித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது.

செந்தேள் கொட்டினால் வலி உண்டுதான். ஆனால் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால் விஷம் இதயத்தைப் பிடித்திருக்கிறது என்று பொருள். வீட்டில் சுண்ணாம்பு தடவிக் காத்திருக்கக் கூடாது. பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இதில் உயிர் காக்கும் என்று காட்டியவர் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்.

ஐந்தாம் படி: கண்

எருக்கு ஒடிக்கும்போது பால் கண்ணில் தெறித்தால் முதலில் பெரிதாக எரியாது. அதனால்தான் முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். சில மணி நேரத்தில் பார்வை புகை மூட்டமாகும். அந்தப் பால் கருவிழியின் உட்படலத்தைத் தாக்குகிறது. கள்ளிப்பாலோ தாங்க முடியாமல் எரியும். எதுவானாலும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள், அதே நாளில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

இலை நுனியோ முள்ளோ கருவிழியைக் கீறினால் அது வேறு கதை. பூஞ்சை அந்தக் கீறலில் மெதுவாக வளரும். இரண்டு நாள் உறுத்தல், பிறகு சிவப்பு, ஒரு வாரத்தில் வெள்ளைப் புள்ளி. இதற்கிடையில் மருந்துக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, கண் சிவப்பைக் குறைத்துக்காட்டிக்கொண்டே பூஞ்சையைத் தழைக்கவிடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். செடி கத்தரிக்கும்போது நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஆறாம் படி: மருந்து அடிக்கும்போது

பூச்சிமருந்துப் புட்டியில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. வீட்டுத் தோட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேலையே இல்லை. கடைக்காரர் பாதி புட்டியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். குழந்தைகள் குடித்த கதைகள் அப்படித்தான் தொடங்குகின்றன.

மருந்து மூச்சில்தான் போகும் என்று நினைத்து வாயைமட்டும் கட்டுகிறோம். கசியும் தெளிப்பானால் முதுகுச் சட்டை நனைந்தால், அந்த ஈரத்தின் வழியாகத் தோலே அதைக் குடித்துவிடும். எச்சில் ஊறுதல், கண்ணீர், அதிக வேர்வை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல் வந்தால் உடையைக் கழற்றி, சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, மருந்துப் புட்டியோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இயற்கை மருந்தென்றால் பயமில்லை என்பது பெரிய ஏமாற்று. புகையிலைக் கரைசலில் இருப்பது நிக்கோட்டின். வெறுங்கையால் பிசைந்தால் தோல் வழியே ஏறித் தலைசுற்றும், வாந்தி வரும். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தை வாயில் ஊற்றினால் வலிப்பு வரலாம். ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் சாணத்தில் செய்தவை. பறிக்கப்போகும் கொத்தமல்லி, புதினா மேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

எலியைக் கொல்லும் நச்சுப் பசையைத் தோட்டத்தில் வைக்கவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையை விழுங்கிய குழந்தை முதல் ஓரிரு நாள் நன்றாகவே விளையாடும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். பொறி வையுங்கள்.

செடிகளிலேயே நஞ்சு உண்டு. அரளி, மஞ்சள் அரளி, குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, ஊமத்தை, செங்காந்தள் கிழங்கு. சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் காட்டாமணக்கும் மஞ்சள் அரளியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

ஏழாம் படி: தண்ணீரும் மின்சாரமும்

தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால்மட்டும் போகாது. மழைநீர் தேங்கிய பாத்தியில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், காலில் வெடிப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் வரும். மோட்டார் இணைப்பில், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானை (RCCB) எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். ஈரக் காலோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.

எட்டாம் படி: வேலை முடிந்ததும்

வீட்டுக்குள் நுழைந்ததும் குளியுங்கள். உண்ணி கடிக்கும் முன் உடம்பில் சிறிது நேரம் அலையும். பீர்க்கங்கூடும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். தோட்டத்து உடையை வீட்டுத் துணியோடு போடாமல் தனியே சூடான நீரில் ஊறவையுங்கள். ஷூவை மறுநாள் மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கீறலைச் சோப்பு நீரில் கழுவுங்கள்; மஞ்சளோ காப்பித்தூளோ அப்ப வேண்டாம். பூனை மண்ணில் மலம் கழிக்கும் தோட்டத்தில் கர்ப்பிணிகள் வெறுங்கையால் வேலை செய்யக் கூடாது. அதில் வரும் ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தையைத் தாக்கும்.

ஒன்பதாம் படி: காய்ச்சல் வந்தால்

தோட்ட வேலை செய்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மூன்று நாளுக்கு மேல் பாராசிட்டமாலோடு காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே போக வேண்டும். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில் என்ன வேலை செய்தேன், புல்லா, சேறா, எருவா, வெறுங்காலா, எங்கே கீறியது, சர்க்கரை இருக்கிறதா, இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டேன். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் கேட்க நேரம் இருக்காது. வெட்கப்படாமல் உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் பெண் மருத்துவரையோ செவிலியரையோ கேட்கலாம். முடியாவிட்டால் போகும் முன்பு வீட்டிலேயே அம்மாவோ மனைவியோ மகளோ நல்ல வெளிச்சத்தில் அந்தக் கருப்புப் பொருக்கைத் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கும் இடத்தை மருத்துவரிடம் காட்டட்டும்.